கோட்டைக் கோடாகவே வரையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரசீது, சம்பளச் சீட்டு போன்றவற்றை நிரல் வழியே பிடிஎஃப் கோப்பாக உருவாக்குவது என் வேலை. கைக்கு வரும் பல கோப்புகளில், மொத்தத் தொகைக்கு மேலே இருக்கும் கோடு உண்மையில் கோடே அல்ல. அடிக்கோட்டுக் குறியை வரிசையாகத் தட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்துரு மாறினால் அது விளிம்பைத் தாண்டும், இல்லாவிட்டால் பாதியிலேயே நிற்கும். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் அந்தக் குறிகளையும் எழுத்தாக எண்ணி வாசிக்கக்கூடும். தொகையைக் கேட்கக் காத்திருக்கும் பார்வையற்றவருக்கு எவ்வளவு தொல்லை!

முறையாக வரைவது கடினமே இல்லை. தொடக்கப் புள்ளிக்குப் போ, முடிவுப் புள்ளிவரை பாதை போடு, அதைத் தீட்டு: மூன்றே கட்டளைகள். அளவு பாயின்டில், ஓர் அங்குலத்துக்கு 72. ஏ4 தாள் ஏறத்தாழ 595 அகலம், 842 உயரம். இருபுறமும் 50 விட்டால் கோடு 50இல் தொடங்கி 545இல் முடியும். இரு முனைக்கும் ஒரே உயரம் கொடுக்க வேண்டும். பிடிஎஃப் உயரத்தைக் கீழிருந்து எண்ணும். சில நிரலகங்கள் (பிடிஎஃப் உருவாக்க உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) மேலிருந்து எண்ணும், கவனம்.

தடிமனை மட்டும் தயவுசெய்து 0 என்று வைக்காதீர்கள். கருவியால் முடிந்த மிக மெல்லிய கோடு என்பதே அதன் பொருள். திரையில் பளிச்சென்று தெரியும். துல்லியமான அச்சுப்பொறியில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். 0.5 வையுங்கள். அப்புறம், அலங்காரக் கோட்டை உள்ளடக்கம் அல்ல என்று குறிக்க வசதி இருந்தால் குறித்துவிடுங்கள்; திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும்.

இப்படிக்கு,
நிரலாளர் ஒருவர்