டிப்போவைப் பற்றி நீ கேட்டதற்கு

கண்டி

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அரசாங்க பஸ்ஸை ஓட்டும் இ.போ.ச.வை, அதாவது இலங்கைப் போக்குவரத்துச் சபையை, துண்டாக்கியதில் மலைநாட்டுக்கு என்ன நட்டம் என்று கேட்டிருந்தாய். தனியார் பஸ் கம்பனிகளை அரசாங்கம் எடுக்கச் சொல்லி 1948இல் ரத்னம், 1954இல் சன்சோனி, 1956இல் ஜயரத்ன பெரேரா என மூன்று அறிக்கைகள் வந்த பிறகுதான் 1958 ஜனவரி 1இல் சபை பிறந்தது. ஆள் நிறைந்த ரோட்டின் வருமானம் தேயிலைத் தோட்டத்து ரோட்டின் நட்டத்தைத் தாங்கியது. பெரிய ரிப்பேருக்குக் கொழும்புப் பக்கம் வெரஹெரவில் சபையின் வேர்க்‌ஷொப் இருந்தது. 1978இல் ஒன்பது பிராந்தியச் சபைகள், மறுவருடம் தனியார் பஸ், 90களில் டிப்போவுக்கு டிப்போ தனித்தனிக் கம்பனி. 2005இல்தான் திரும்ப ஒன்றாக்கினார்கள். அதற்குள் லாபமுள்ள மெயின் ரோட்டில் தனியார் பஸ்காரர்கள் பங்குக்குப் பெருகிவிட்டார்கள். தோட்டத்து ரோடு மட்டும் டிப்போவின் தலையில்.

உதிரிச் சாமான் தட்டுப்பாடு வந்தால் முதலில் அடிபடுவது மலை பஸ்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கண்டி ஏறக்குறைய 500. இரண்டுக்கும் நடுவில் ரம்பொட இறக்கத்தில் டிரைவர் பெரிய கியரில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சில்லோடு சுற்றும் பிரேக் ட்ரம் கொதிக்கும், அதை உரசிப் பிடிக்கும் லைனர் கண்ணாடி மாதிரி வழுக்கும், கருகின வாடை வரும். அதற்குமேல் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அடிக்கடி மிதிக்க மிதிக்க பிரேக்கை இயக்கும் எயார் அழுத்தமும் இறங்கும். மீற்றரில் 100 பவுண்டில் நிற்கவேண்டிய முள் 60க்கு வந்தால் பஸர் கத்தும், உடனே ஓரங்கட்டி டயருக்குக் கட்டை போடவேண்டும். அதனால்தான் ஏறின கியரிலேயே இறங்கச் சொல்வது. காலையில் எயார் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடிக்கவும் வேண்டும், குளிரூரில் அது கட்டாயம். இரண்டு நிமிட வேலை, காசு செலவில்லை. ஆனால் தேய்ந்த லைனருக்கு மாற்று ஸ்டோரில் இல்லையென்றால் பஸ்ஸை நிறுத்தத்தான் வேண்டும். அப்படி நிறுத்தும்போது டிப்போ வெட்டுவது பெரும்பாலும் வருமானம் குறைந்த தோட்டத்து ட்ரிப்பைத்தான். ஸ்கூல் பிள்ளைகளும் மரக்கறி மூட்டையோடு டவுனுக்குப் போகிறவர்களும் நம்பியிருப்பது அந்த ஒரு பஸ்ஸை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

உங்கள் பக்கம் காலை பஸ் இன்னும் தோட்டத்து மேல் டிவிஷன் வரைக்கும் வருகிறதா, இல்லை தேயிலைப் பெக்டரியடியிலேயே திரும்பிவிடுகிறதா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்