நன்றி மடல்: எங்கள் பாஸ் அண்ணனுக்காக வந்து நின்ற எல்லோருக்கும்

எங்கள் போட் இஞ்சின் கராஜின் மூத்த மெக்கானிக், கல்லடி தொடக்கம் முகத்துவாரம் வரை எல்லோருக்கும் 'பாஸ் அண்ணன்', காலமாகி நேற்றோடு 31 நாள். கிரியைகள் முடிந்துவிட்டன. அண்ணனின் மனைவி அக்காவும் பிள்ளைகளும் தங்கள் நன்றியைத் தனியே சொல்லிவிட்டார்கள். இது அவரோடு வேலை செய்த எங்கள் மூன்று பேருடைய மடல்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் அவரைப் பார்த்த வைத்தியர்களுக்கும், அவர் நகத்தடிக் கறுப்பைக் கழுவப் பார்த்துத் தோற்றுப்போன தாதியக்காவுக்கும் நன்றி. முப்பது வருசத்து ஒயில் அது, போகாது. இரத்தம் கொடுத்த பொடியன்கள், கூடாரமும் கதிரையும் தந்த மரணாதார சங்கத்தார், காத்தான்குடியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த நானாமார், ஒரு நாள் உழைப்பை விட்டுக் கரையில் நின்ற தோணிக்காரர், எல்லோருக்கும் நன்றி.

2004 சுனாமிக்குப் பிறகு நாவலடிப் பக்கம் மணலுக்குள் புதைந்த இஞ்சின்களைத் தோண்டி எடுத்தோம். வெயிலில் காயவைக்கத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அண்ணன் விடவில்லை. "காத்துப் பட்டா இப்பவே துரு ஏறும், நல்ல தண்ணிக்குள்ள போடுங்க மன" என்று பீப்பாய்களை வரிசையாக வைத்தார். பிறகு பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையால் ஒயில் விட்டு, கையாலேயே மெல்லச் சுற்றினார். அப்படிப் பிழைத்த இஞ்சின்கள் பிறகும் பல வருசம் கடலுக்குப் போயின.

மூவரில் இதை எழுதும் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு இஞ்சினின் தண்ணிப் பம்பைப் பூட்டினேன். றபர்ச் சில்லைத் தண்டோடு பிடித்துவைக்கும், பிறை மாதிரி ஒரு சின்ன இரும்புத்துண்டு உண்டு. அதைப் போட மறந்துவிட்டேன். தண்டு சுற்றியது, சில்லு சுற்றவில்லை. இஞ்சின் சூடேறி நடுக்கடலில் நின்று, போட்டை இன்னொரு போட் கட்டி இழுத்துவந்தது. சொந்தக்காரர் கத்திக்கொண்டு வந்தபோது அண்ணன் முன்னால் போய், "நான்தான் விட்டுட்டன்" என்றார். என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தப் பம்பைப் பூட்டினாலும் பக்கத்து ஓட்டையால் தண்ணி பீச்சுகிறதா என்று பார்க்காமல் நான் கை கழுவுவதில்லை.

காசு விசயத்தில் மட்டும் அவர் சரியான மோசம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதே, அந்த மாதங்களில் எண்ணெய் குறைவாகக் குடிக்கட்டும் என்று எத்தனையோ காபரேட்டரைக் கழற்றித் துப்புரவாக்கிக் கொடுத்தார். கூலி கேட்டால் "மறுகா பாப்பம்." கொப்பியில் ஒரு வரி எழுதவில்லை. நாங்கள் சண்டை பிடித்தும் பார்த்தோம்.

எட்டாம் நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "பாஸுக்குக் குடுக்க இருந்தது" என்று ஒருவர் 4,000 ரூபாய் வைத்தார். பாலமீன்மடுவிலிருந்து வந்த ஒரு அம்மா, மகன் கடன் என்று சொல்லி ஒரு பை கருவாடு தந்தார். யாரும் கேட்டு வந்தவர்கள் இல்லை. வந்த அத்தனையும் அக்காவின் கையில் சேர்ந்துவிட்டது. பெயர் சொல்லாமல் போனவர்களுக்கு இந்த மடலில்தான் நன்றி சொல்ல முடிகிறது.

அண்ணன் பாதியில் விட்ட மூன்று இஞ்சின்களையும் பூட்டி, பீப்பாயில் ஓடவிட்டுப் பார்த்தாயிற்று. மூன்றும் தண்ணி பீச்சுகின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கூலி மறுகா பாப்பம்.