கிண்ண ஆட்டத்துக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பான தொண்டர்களுக்கும் உறவுகளுக்கும்,

பிரெஞ்சு உதைபந்தாட்டக் கிண்ணத்தின் தொடக்கச் சுற்று ஆட்டமொன்று நமது சிறிய மைதானத்தில் குறையின்றி நடந்து முடிந்தது. 1917-18 பருவத்தில் தொடங்கிய இந்தக் கிண்ணத்தில் ஆயிரக்கணக்கான கழகங்கள் இறங்குகின்றன. முதல் பிரிவின் தொழில்முறை அணிகள் வந்து சேர்வதற்குள் பல சுற்றுகள் ஓடிவிடும். அந்தச் சுற்றுகளைத் தாங்குவது ஊதியமில்லாமல் ஆடும் கழகங்களும், அவற்றின் மைதானத்தில் விடியற்காலையில் வந்து நிற்கும் நீங்களும்தான். 2000இல் நான்காம் நிலைக் கழகமான கலே இறுதியாட்டம்வரை போனதும் இப்படியான சுற்றுகளைத் தாண்டித்தான்.

புல்லைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு முதல் நன்றி. மழை விட்டதும் தரையைச் சமப்படுத்தும் உருளையை எடுக்கச் சொன்னவர்களை நீங்கள் தடுத்தது மிகச் சரி. ஈர மண்ணை உருட்டினால் அது இறுகிவிடும், தண்ணீர் இறங்க வழியிருக்காது. தோட்ட முள்கரண்டியைப் பத்து சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குத்தி, இலேசாக அசைத்து எடுத்து, காய்ந்த மணலைத் தூவியதால்தான் கோல் வாசலில் குளம் நிற்கவில்லை.

கோடு போட்டவர்கள் ஒவ்வொரு மூலையிலும் ஒரு பக்கம் 3 மீற்றர், மறுபக்கம் 4 மீற்றர் அளந்து, குறுக்கே 5 மீற்றர் வருகிறதா என்று பார்த்த பிறகே நூல் இழுத்தார்கள். மூலை கோணினால் முழு மைதானமும் கோணும். கோட்டின் அகலம் 12 சென்ரிமீற்றருக்கு மேற்படக்கூடாது. கோல் கோடும் கம்பமும் ஒரே அகலமாக இருக்கவேண்டும்.

தண்ட உதைப் (பெனால்டி) புள்ளியைச் சீராக்கியவர்களைத் தனியாகச் சொல்லவேண்டும். இந்தக் கிண்ணத்தில் 2020-21 பருவத்திலிருந்து இறுதியாட்டம் தவிர வேறெந்தச் சுற்றிலும் மேலதிக நேரம் கிடையாது. 90 நிமிடத்தில் சமநிலை என்றால் நேரே தண்ட உதைதான். இரண்டு அணியும் ஒரே கோலை நோக்கி, ஒரே புள்ளியிலிருந்து ஐந்தைந்து உதைகள். அங்கே குழி இருந்தால் ஊன்றிய கால் சறுக்கும், பந்து மேலே போகும். குழிக்கு மேலேயே வெள்ளை பூசுவதுதான் வழக்கமான தவறு. நாளடைவில் புள்ளியும் நகர்ந்துவிடும். நீங்கள் மண் நிரப்பி, மிதித்து இறுக்கி, கோல் கோட்டின் நடுவிலிருந்து 11 மீற்றரை மறுபடி அளந்தீர்கள்.

பந்துகளைச் சூடான அறையில் காற்றடித்து அப்படியே விடாமல், வெளியே அரை மணி நேரம் குளிரவைத்து மறுபடி அழுத்தம் பார்த்தவருக்கும் நன்றி. குளிரில் அழுத்தம் இறங்கும், விதிப்படி 0.6க்கும் 1.1 வளிமண்டல அழுத்தத்துக்கும் இடையில் நிற்கவேண்டும்.

வீரர்களின் பெயர்களைப் பதியும் ஆட்டத்தாளுக்கான டப்லெட்டை (கைக்கணினியை) கவனித்த செயலாளருக்கு எங்கள் பெரிய நன்றிக்கடன். ஆட்டத்துக்கு முன் தரவைப் புதுப்பிக்காவிட்டால் புதிய வீரரின் அனுமதி அட்டை திரையில் வராது. கடவுச்சொல்லை மறந்து கடைசி நிமிடத்தில் தவிப்பவர்களும் உண்டு. காகிதத் தாள் ஒன்றையும் அவர் கையில் வைத்திருந்தார்.

அவசர ஊர்திப் பாதையில் ஒரு காரையும் நிறுத்தவிடாத இளைஞர்கள், தேநீர் ஊற்றிய அக்காமார், நடுவர்கள், பயணப்பட்டு வந்த எதிரணியினர், சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அயலவர்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இரவல் வந்த இரண்டு முள்கரண்டிகளும் நீள அளவுநாடாவும் கழுவித் துடைத்து உடைமாற்றும் அறையில் இருக்கின்றன. உரியவர்கள் அடுத்த பயிற்சி நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கழக நிர்வாகக் குழு