எங்களிட்ட ஒருக்காலும் கேட்கல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல மாகாண சபைத் தேர்தல் பத்தி வந்த கட்டுரைய வாசிச்சன். அதில கிழக்கு மக்கள் வடக்கில இருந்து பிரிஞ்சு போனாங்க எண்டு ஒரு வரி கிடந்திச்சு, அது நெஞ்சுக்குள்ள நிண்டுட்டு. ஐயா, நாங்க பிரிஞ்சு போகவும் இல்ல, அதுக்கு முதல் சேர்ந்து போகவும் இல்ல. ரெண்டையும் வேற ஆக்கள்தான் செய்தாங்க.

1987 ஜூலை 29 ஆம் திகதி அப்ப இந்தியப் பிரதமரா இருந்த ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதியா இருந்த ஜே.ஆர். ஜயவர்தனவும் கொழும்பில கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில இது தெளிவா இருக்கு. வடக்கையும் கிழக்கையும் இப்போதைக்கு ஒரே மாகாணமா வெக்கிற, பிறகு 1988 டிசம்பர் 31க்குள்ள கிழக்கு மக்களிட்ட மட்டும் வாக்கெடுப்பு, சேர்ந்தே இருக்கப் போறீங்களா இல்ல தனி மாகாணமா போறீங்களா எண்டு, பாதிக்கு மேல எந்தப் பக்கம் விழுதோ அதுதான் முடிவு. பிரதம நீதியரசர் தலைமையில ஒரு குழு கண்காணிக்கும், சண்டையால இடம்பெயர்ந்த ஆக்களுக்கும் வாக்கு உண்டு. ஆனா அதே பிரிவுக்குள்ளேயே ஜனாதிபதி நினைச்சா ஒத்தி வெக்கலாம் எண்டும் எழுதி வெச்சிட்டாங்க. அந்த ஒரு வரி எங்கட வாக்க முழுசா திண்டுட்டு.

1988 செப்டம்பர்ல இணைச்சாங்க, நவம்பர் 19 மாகாண சபைத் தேர்தல், நான் முதல்முதல் வாக்குப் போட்டது அண்டைக்குத்தான், 19 வயசு. "இன்னொண்டும் வருது மகன், அதுதான் பெரிசு, அடையாள அட்டைய கவனமா வை" எண்டு அப்பா சொன்னார். வரல்ல. திருப்பித் திருப்பி ஒத்திவைப்புத்தான், பேப்பர்ல மூலையில ஒரு சின்னச் செய்தி வரும், அப்பா அத வாசிச்சிட்டு பேப்பர மடிச்சு கதிரைக்குக் கீழ போட்டுருவார், ஒண்டும் பேச மாட்டார். அவர் 2003ல காலமாயிட்டார். 2006 அக்டோபர் 16 உயர் நீதிமன்றம், அவசரகாலச் சட்டத்தக் கொண்டு 1988ல இணைச்ச முறை செல்லாது எண்டு தீர்ப்புச் சொல்லிச்சு, 2007 ஜனவரி 1ல இருந்து ரெண்டு மாகாணம்.

நான் வாத்தியார். என்ட பைல்ல ரெண்டு கடிதம் இருக்கு, ஒண்டு பழைய இடமாற்றக் கடிதம், மேல வடக்கு கிழக்கு மாகாணம் எண்டு அச்சடிச்சது. மத்தது 2007 தொடக்கத்தில வந்த இன்கிரிமென்ட் கடிதம், அதே பழைய தாள்தான், வடக்கு எண்ட சொல்லுக்கு மேல நீலப் பேனையால ஒரு கோடு, அடிமட்டம் கூட வெக்காம கீறினது, நுனியில வளைஞ்சு போய்க் கிடக்கு. எங்களுக்கு வந்த அறிவித்தல் அவ்வளவுதான்.

வாக்கெடுப்பு நடந்திருந்தா நான் சேர்ந்திருக்கத்தான் போட்டிருப்பன், மறைக்கல்ல. என்னோட படிப்பிச்ச காத்தான்குடி முஸ்லிம் சேர் ஒருத்தர் பிரிக்கத்தான் போட்டிருப்பார், இணைஞ்ச மாகாணத்தில தங்கட ஆக்கள்ட பங்கு சுருங்கிரும் எண்ட பயம் அவருக்கு, அது நியாயமான பயம். ஆனா அவரும் இதத்தான் சொல்றார், "சேர், பிரிஞ்சது எனக்கு விருப்பம், ஆனா நான் வாக்குப் போட்டுப் பிரிஞ்சிருக்கணும், யாரோ கோடு போட்டு இல்ல" எண்டு. 2012 கணக்கெடுப்பப் பார்த்தா கிழக்கில தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ ஒருத்தரும் பாதி இல்ல. ஒரு பக்கம் நிச்சயமா வெல்லும் எண்டு யாராலயும் சொல்ல ஏலாத இடம் ஐயா இது, அப்ப கேட்டுத்தானே பார்க்க வேணும்.

பிலிப்பைன்ஸ்ல பலவான் எண்டு ஒரு மாகாணம், அத மூண்டா உடைக்க 2019ல சட்டம் வந்திச்சு. அந்த நாட்டில மக்களிட்ட கேட்காம புது மாகாணம் உண்டாக்க ஏலா. 2020 மே மாசம் வெச்சிருந்த வாக்கெடுப்பு கொரோனாவால தள்ளிப் போச்சு, தள்ளிப் போனாலும் 2021 மார்ச் 13 நடத்தினாங்க. வேணாம் எண்டு 1,72,304 பேர், வேணும் எண்டு 1,22,223 பேர். மாகாணம் உடையல்ல. அங்க கொரோனாவுக்குள்ளயும் பத்து மாசத்தில நடந்தது, இஞ்ச 18 வருஷம் ஒத்தி வெச்சு ஒத்தி வெச்சு கடைசியில நீதிமன்றத்தில போய் முடிஞ்சது.

கிழக்கு மாகாண சபைக்கு 2008 மே 10 முதல் தேர்தல் வெச்சாங்க, 2017 செப்டம்பர் 30ஓட சபைட காலமும் முடிஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தலே இல்ல, ஆளுநர்தான். என்ட மகளுக்கு 24 வயசு, மாகாண சபை வாக்குச் சீட்ட கையால தொட்டதில்ல. உங்கட கட்டுரைய வாசிச்சிட்டு நான் கத்தின நேரம் "என்ன வாக்கெடுப்பு அப்பா?" எண்டு கேட்டாள், அவளுக்குத் தெரியா, பள்ளிக்கூடப் புத்தகத்தில படிச்ச ஞாபகமும் இல்லையாம்.

அதால உங்களிட்ட ஒண்டு கேட்கிறன். அந்த ஒப்பந்தத்திட 2ஆம் பிரிவ தமிழ்ல ஒரு சொல்லும் விடாம ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர்ல போடுங்க. அந்த ஒத்திவைக்கிற வரியையும் சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி