திரும்பி வந்த கட்டுரையும் அம்மாவின் குளுக்கோமீட்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் சுகர் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை மிகவும் பயன்பட்டது. ஆனால் அந்தக் கருவிக்கு வழி போட்டவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய குறை.

என் அம்மா தினமும் காபிக்கு முன்னால் மோதிர விரலின் ஓரத்தில் குத்தி, ஸ்ட்ரிப்பின் நுனியை ரத்தத்துளியில் வைப்பார். அது தானே உறிஞ்சிக்கொள்ளும். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அளவு வந்துவிடும்.

இதற்கு அடிப்படை போட்டவர் அமெரிக்காவின் ஒஹாயோவில் வேலை பார்த்த லேலண்ட் கிளார்க். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் கருவி ஒன்றைச் செய்து, அதைப் பற்றி ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினார். வெளியே வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து காட்டவில்லை என்று திருப்பிவிட்டார்கள். சரி, அளக்கும் கருவியையும் நாமே செய்வோம் என்று இறங்கினார். ஆக்சிஜனை மின்னோட்டத்தால் அளக்கும் பிளாட்டினம் முனையை வெறுமனே ரத்தத்தில் வைத்தால் அழுக்குப் படிந்து அளவு கெட்டுவிடும். அவர் அந்த மின்முனையையும் அதன் இணை மின்முனையையும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வுக்குப் பின்னால் வைத்தார். ஆக்சிஜன் மட்டும் உள்ளே புகும், ரத்தம் வெளியிலேயே நிற்கும். 1956இல் இதை வெளியிட்டார்.

அப்புறமும் அவர் விடவில்லை. 1962இல் சாம்ப் லயன்ஸ் என்பவரோடு சேர்ந்து, அதே மின்முனையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைப் பொருத்தும் யோசனையை எழுதினார். சர்க்கரை இருந்தால் நொதி ஆக்சிஜனைச் செலவழிக்கும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் சர்க்கரையின் அளவு கிடைத்துவிடும். கேட்க எளிதாக இருக்கும் இந்த யோசனை விற்பனைக் கருவியாக வர 1975 ஆயிற்று. அதுவும் ஆய்வகத்தில் வைக்கும் கருவிதான். பேனா போலக் கையில் பிடிக்கும் மீட்டர் 1987இல் வந்தது, இங்கிலாந்தில் வேறு சிலர் ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தை வைத்துச் செய்த வேலையால். கிளார்க் 2005இல் பொறியியலுக்கான ரஸ் பரிசு பெற்றார். அதே ஆண்டில் காலமானார்.

என் தங்கை மகன் ஆராய்ச்சி மாணவன். அவன் கட்டுரை இரண்டாம் முறையும் திரும்பி வந்த அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டான். கிளார்க்கின் கதையைப் போனில் சொன்னேன். "நிஜமாவா பெரியம்மா?" என்று இரண்டு தடவை கேட்டான். கிளார்க்கைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். இதழ் வந்ததும் ஒன்றை அவனுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்