ஊற்றுவதெல்லாம் கிணற்றுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள சரோ,

உன் கடிதம் வந்து கிடக்கிறது. பெரும்போக வெட்டு முடியும் வரைக்கும் பதில் எழுதக் கை ஓயவில்லை. வயல் மருமகனுடையதுதான். ஆனாலும் அக்கரைப்பற்றிலிருந்து நெல் மூடை வந்து இறங்கினால் வீட்டில் யாருக்கும் இருக்க நேரம் இராது, உனக்குத் தெரியாததா? இவருக்கு மாரியோடு வந்த முழங்கால் வலி, வெயில் ஏறிய பிறகும் போகவில்லை. மற்றபடி எல்லாரும் சுகம்.

பேத்திக்கு இழுப்பு கூடியிருக்கிறது என்று வாசித்ததும் மனம் கேட்கவில்லை. நிலம் துடைக்கிற மருந்தின் வாசம் ஏறியதும் பிள்ளை இருமத் தொடங்குகிறாள் என்கிறாய். அப்படியானால் அந்தப் போத்தலை ஒதுக்கிவைப்பது சரிதான். டொக்டர் இழுப்புக்குக் கொடுத்த பம்பை மட்டும் அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

உன் மருமகள் போனில் பார்த்து எழுதி அனுப்பிய குறிப்பையும் வாசித்தேன். வினாகிரி அரைக் கோப்பை, அப்பச்சோடா அரைக் கோப்பை, இரண்டையும் போத்தலில் கலந்து வைத்தால் வீடு முழுக்கப் பாவிக்கலாமாம். வேண்டாமென்று சொல்லு. அதில் நஞ்சு ஒன்றும் இல்லை, பிரயோசனமும் இல்லை. மூடியை இறுக்கினால் போத்தல் வெடிக்கும், அதுதான் மிச்சம். வினாகிரி அமிலம், அப்பச்சோடா காரம். இரண்டும் சந்தித்தால் காபனீரொட்சைட்டு பொங்கிப் போய்விடும், பின்னால் நிற்பது சோடியம் அசற்றேற்றுக் கரைந்த தண்ணீரும் மிஞ்சிய சோடாவும்தான், வினாகிரியின் புளிப்பு இராது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேசையில் செய்து காட்டிக் கைதட்டு வாங்கினோமே, அதே பரிசோதனைதான். நுரை வருவதைப் பார்த்து அழுக்குப் போகிறது என்று நினைக்கிறார்கள்.

இரண்டையும் வேறு வேறாக வைத்துக்கொண்டால் நல்ல சாமான்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் காரம். கேத்திலில் படிகிற வெள்ளை, பித்தளையில் ஏறுகிற களிம்பு, துரு என்றால் புளிப்பு, அதாவது அமிலம். இதைப் பிடித்துக்கொண்டால் குறிப்பு எதுவும் தேவையில்லை, எந்த அழுக்கென்று பார்த்துக் கையில் இருப்பதை எடுக்கலாம். எங்கள் அம்மாமார் அமிலம், காரம் என்று படிக்காமலே இதைத்தான் செய்தார்கள். சட்டிக்குச் சாம்பல், குத்துவிளக்குக்குப் பழப்புளி. யாராவது மாற்றிச் செய்து பார்த்திருக்கிறாயா?

சாம்பலைப் பற்றி ஒள்ளுப்பம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022ல் காஸ் இல்லாமல் ஊரெல்லாம் வரிசையில் நின்றதும், எல்லா வீட்டிலும் விறகு அடுப்பு திரும்ப வந்ததும் உனக்கு நினைவிருக்கும். சவர்க்காரம் விற்ற விலைக்கு அதைச் சட்டிக்குத் தேய்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அடுப்பில் சாம்பல் குவிந்து கிடந்தது. அப்போதுதான் நானும் கவனித்தேன், எல்லாச் சாம்பலும் ஒரே வேலை செய்வதில்லை. தேங்காய்ப் பொச்சும் மட்டையும் எரித்த சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று நிறைய. இறைச்சி ஆணம் காய்ச்சிய மண்சட்டியில் அதை ஈரத்தோடு போட்டுத் தேய்த்தால் கொழுப்பும் காரமும் சேர்ந்து அந்த இடத்திலேயே கொஞ்சம் சவர்க்காரம் உண்டாகிறது. விரலில் வழுக்குவதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். உமிச்சாம்பல் வேறு சாதி. அதில் பெரும்பங்கு சிலிக்கா. அது பிசுக்கைக் கரைக்காது, சுரண்டித்தான் துலக்கும். கரி பிடித்த சட்டியின் அடிப்புறத்துக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை. மருமகன் நெல் ஆலையிலிருந்து ஒரு பை கொண்டுவந்து போட்டான், வருசம் கடந்தும் முடியவில்லை. சல்லடையில் அரித்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எரியாத உமியும் கல்லும் கையைக் கீறும். இன்னொன்று, விறகில் வைப்பதற்கு முன்பு சட்டியின் அடியில் ஈரச் சாம்பலைப் பூசிவிட்டால் கரி அதன் மேல்தான் பிடிக்கும், கழுவும்போது உரிந்து வந்துவிடும். உன் அம்மா செய்வார், நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அலுமினியச் சட்டிக்குச் சாம்பல் ஆகாது. காரம் அலுமினியத்தை அரிக்கும், சட்டி கறுத்துப்போகும். ஒட்டாத தாச்சிக்கு உமிச்சாம்பலைக் காட்டவே கூடாது. வெள்ளவத்தை மாடியில் உனக்குச் சாம்பல் எங்கே கிடைக்கப்போகிறது? அப்பச்சோடாவை வைத்துக்கொள். ஒரு மேசைக்கரண்டியில் சில துளி தண்ணீர் விட்டுக் களியாக்கி, காஸ் அடுப்பின் பிசுக்கிலும் பேசனிலும் பூசிப் பத்து நிமிசம் விட்டு ஈரத்துணியால் தேய். மெல்லிய காரம், கை எரியாது, பிள்ளைக்கும் மணமில்லை. பழைய பிசுக்கென்றால் சலவைச் சோடா வேண்டும். அது வலுவானது, கையுறை போட்டுக்கொள்.

இனிப் புளிப்பு. எங்கள் பக்கம் இப்போது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது. ஆனாலும் கிணற்றை நான் விடவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்கு படியும், அது கல்சியம் காபனேற்று. கேத்திலுக்குள் பாதி வினாகிரி, பாதி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அரை மணித்தியாலம் ஆறவிட்டால் பொருக்கு கழன்று மிதக்கும். மறுகா இரண்டு தரம் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்று, இல்லாவிட்டால் தேத்தண்ணி புளிக்கும். இதற்கு நல்ல தென்னை வினாகிரியை வீணாக்காதே, அது அச்சாறுக்கு. அசற்றிக் அமிலத்தில் தண்ணீர் கலந்து விற்கிற மலிவு வினாகிரி போதும். இரண்டிலும் அமிலம் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். யன்னல் கண்ணாடிக்கு ஒரு பங்கு வினாகிரிக்கு நாலு பங்கு தண்ணீர், பழைய பத்திரிகைத் தாளால் துடை.

தேசிக்காய்த் தோலை எறியாதே. போத்தலில் நிரப்பி மூழ்கும்வரை வினாகிரி விட்டு இரண்டு கிழமை வைத்து வடித்தால் தோலின் எண்ணெய் இறங்கியிருக்கும். அந்த எண்ணெய்க்குப் பிசுக்கைக் கரைக்கிற குணம் உண்டு. ரைல்ஸ் சுவருக்கு அருமை. ஆரையம்பதியில் உங்கள் பழைய வீட்டுச் சிவப்புச் சீமெந்துத் தரைக்கு மட்டும் வேண்டாம். புளிப்பு எதுவானாலும் சீமெந்தைத் தின்னும், மாபிளையும் தின்னும். பளபளப்புப் போனால் திரும்ப வராது. அந்தத் தரையைப் பாதிப் பொச்சுமட்டையில் காலை வைத்து மினுக்கின காலம் உனக்கு ஞாபகமா? நடனம் பழகிறீர்களா என்று உன் அண்ணன் கேட்பார்.

பிள்ளை படுக்கிற அறைக்கு இது ஒன்றுமே தேவையில்லை. சுடுதண்ணீரில் ஒரு தேக்கரண்டி மணமில்லாத சவர்க்காரத் திரவம் போட்டுத் துடைத்து, வெறும் தண்ணீரால் இன்னொரு தரம் துடையுங்கள். சிட்ரனெல்லா எண்ணெய் விடலாமா என்று கேட்டிருந்தாய். நான் விறாந்தைக்கு நுளம்புக்காக விடுகிறேன். ஆனால் இழுப்புக்காரப் பிள்ளைக்கு இயற்கை வாசமும் வாசம்தான். செடியிலிருந்து வந்ததால் நல்லது என்ற கதையை நான் நம்புவதில்லை. அலரியும் செடியில்தானே காய்க்கிறது? அலுமாரியில் போடுகிற பூச்சி உருண்டையையும் எடுத்து எறியுங்கள், அந்த நப்தலீன் மணம் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடாது. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்து, மாதத்துக்கு ஒரு தரம் மாற்றினால் போதும்.

கிருமி சாகுமா என்று மருமகள் கேட்பாள். வினாகிரியை நம்பிக் கிருமி போனது என்று இருக்க முடியாது. அன்றாட அழுக்குக்குச் சவர்க்காரமும் தண்ணீரும் போதும், கிருமியைக் கழுவிக்கொண்டு போய்விடும். வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டம், வாந்தி என்றால் அந்த இடத்துக்கு மட்டும் குளோரீன் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, யன்னலைத் திறந்துவைத்துப் பாவியுங்கள். அதோடு வேறு எதையும் கலக்கக்கூடாது. இதை மட்டும் அவளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டு. எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை கக்கூசுக்கு அமிலத் திரவத்தையும் ஊற்றி, அது போதாதென்று குளோரீனையும் ஊற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்திருக்கிறாள். குளோரீன் வாயு கிளம்பி, மூச்சடைத்து வெளியே ஓடிவந்து விழுந்தாள். சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்துக் குளோரீன் போட்டார்களே, அந்த மணம் உனக்குத் தெரியும். மூடிய அறைக்குள் அதைவிடப் பல மடங்கு. ஆசுப்பத்திரியில் ஒரு இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். வினாகிரியும் அமிலம்தான், தேசிக்காயும் அமிலம்தான். அவற்றைக் குளோரீனோடு சேர்த்தாலும் அதே கதை.

நான் இதற்குள் இறங்கியது காசு மிச்சம் பிடிக்க மட்டுமல்ல. இங்கே எல்லாம் மணல் தரை. முற்றத்தில் கொட்டின வாளித் தண்ணீர், நீ கிறுகிப் பார்க்க முதல் உள்ளே போய்விடும். கக்கூசுக் குழியும் அதே மணலில், கிணறும் அதே மணலில். குழிக்குள் இருக்கிற கிருமிகள்தான் கழிவை உக்க வைக்கின்றன. நாளாந்தம் குளோரீன் ஊற்றினால் அவை சாகும், குழி சீக்கிரம் நிரம்பும், உக்காத கழிவு தண்ணீரோடு மணலில் இறங்கும். அதற்குக் கீழே கிணறு, அந்தப் பக்கம் வாவி. வாவிக்கரை வீடுகளில் இருந்து நுரைத் தண்ணீர் நேரே வாவிக்குப் போவதை நீயே பார்த்திருப்பாய். எந்தப் போத்தலை எடுத்தாலும் இது நாளைக்கு என் வாளியில் வருமா என்று ஒரு யோசனை எனக்கு வந்துவிடுகிறது. இவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

பட்டுச் சேலை விசயம் மறந்தே போனேன். பூவந்திக்கொட்டையை உடைத்து விதையை எறிந்து, தோலை மட்டும் சுடுதண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிசைந்து வடி. நுரை குறைவாக இருக்கிறதே என்று சந்தேகப்படாதே, சேலைக்கு அது போதும். தேவைக்கு மட்டும் செய்துகொள், இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். அப்புறம், எதைச் செய்து வைத்தாலும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதே கா. பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, பேத்திக்கு எட்டாத இடத்தில் வை. தேசிக்காய் வினாகிரி பார்வைக்குச் சர்பத்துத்தான்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, வாவிக் காற்று அவளுக்கு நல்லது என்று இவர் சொல்கிறார் (டொக்டரிடமும் கேட்டுக்கொள்). வரும்போது சலவைச் சோடா கிடைத்தால் ஒரு கிலோ கொண்டுவா. இங்கே கடையில் கேட்டால் அப்பச்சோடாவையே எடுத்துத் தருகிறார்கள். எத்தனை பேர், எந்த ரெயில் என்று முதலே எழுது. உமிச்சாம்பல் உனக்கும் ஒரு பை கட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
இந்திரா