எஸ் விட்டுப்போவது கவனக்குறைவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கில ஒருமை பன்மை பற்றி உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த பாடத்தை என் டியூஷன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். தாராவியில் 11 வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். எஸ் எங்கே வரும், இஎஸ் எங்கே வரும் என்றெல்லாம் தெளிவாகவே போட்டிருந்தீர்கள். நம் பிள்ளைகள் அந்த எஸ்ஸை ஏன் விடுகிறார்கள் என்றுதான் ஒரு வரியும் இல்லை.

போன மாதம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நோட்டை நீட்டினாள். ‘ஐ ஹேவ் டென் மேங்கோ’ என்று எழுதியிருந்தாள். பள்ளியில் சிவப்பு மையால் சுழித்து, ‘கேர்லெஸ்’ என்று குறித்து, இருபது தடவை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. அவள் வீட்டில் ‘பத்து மாம்பழம் இருக்கு’ என்றுதான் பேசுவார்கள். ‘பத்து மாம்பழங்கள்’ என்று நம்மில் யார் பேசுகிறோம்? பால்பகா அஃறிணைப் பெயர், அதாவது மாடு, மாம்பழம் என்று ‘கள்’ சேராமல் நிற்கும் பெயர், ஒருமைக்கும் பன்மைக்கும் பொது என்று நன்னூலே சொல்கிறது. மாடு வந்தது, மாடு வந்தன. இரண்டும் சரி. தாய்மொழியில் சரியாக இருப்பதைத்தான் அந்தப் பிள்ளை ஆங்கிலத்திலும் எழுதினாள். அதற்கா தண்டனை?

அவளே தள்ளுவண்டிக்காரரிடம் ‘ஏக் கேலா’ (ஒரு வாழைப்பழம்), ‘சே கேலே’ (ஆறு வாழைப்பழம்) என்று பிசகாமல் கேட்டு வாங்குகிறாள். இந்தியில் அதை அவளுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. ‘கேலா கேலே ஆகுதில்ல, ஆங்கிலத்திலயும் அப்படித்தாம்மா, எண் சொன்னாலும் பேரு மாறணும்’ என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ‘ஒரு லேடீஸ் ஏறினாங்க’ என்று லோக்கல் ரயிலில் நாமே தினமும் பேசுகிறோம். பிள்ளை ‘ஒன் லேடீஸ்’ என்று எழுதாமல் என்ன செய்யும்?

எங்கள் நைன்ட்டி ஃபீட் ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுட் ஒருமை, ஃபீட் பன்மை. ஆனால் அளவு இன்னொரு பெயருக்கு அடையாக முன்னால் வந்தால் ஆங்கிலத்தில் ஒருமையே வரும்: ‘ஃபைவ் இயர் பிளான்’, ‘ஹண்ட்ரட் ருப்பீ நோட்’. இலக்கணப்படி இந்தச் சாலை நைன்ட்டி ஃபுட் ரோடுதான். ஊர் வழக்கு வேறாக நிலைத்துவிட்டது. தினம் நடக்கிற தெருவை வைத்துச் சொன்னதால் ஒரு பிள்ளையும் இதை மறக்கவில்லை.

ஒரு திருத்தமும் போட வேண்டும். எஃப்பில் முடிந்தால் ‘வெஸ்’ ஆகும் என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள். லீஃப், வுல்ஃப் அப்படித்தான். ரூஃப், சீஃப், ப்ரூஃப் எல்லாம் வெறும் எஸ்ஸோடு நிற்கும். ஃபர்னிச்சர், லக்கேஜ் இரண்டுக்கும் எஸ்ஸே கிடையாது.

அடுத்த பாடத்தில் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்திலேயே தமிழில் அதை எப்படிச் சொல்வோம் என்றும் அச்சிடுங்கள். இங்கே பல வீடுகளில் அப்பா அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் வராது. அந்தப் பக்கம் கையில் இருந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களே பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை - 17